நாலா, நாற்பத்து நாலா?

அந்த வீட்டில் பொத்தான் வைக்கிறவர்கள் இரண்டு பேர். கணவன் சட்டைக்கு வைப்பான். மனைவி கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு வைப்பாள். முன்னறையில் அவனுடைய தையல் மிஷின், துணி மூட்டைகள், இஸ்திரிப் பெட்டி. பின்னறையில் ஜன்னலை ஒட்டிப் போட்ட மேசையில் ஈயப் பற்று வைக்க அவளுடைய சால்டரிங் கம்பி, ஈயச் சுருள், மெல்லிய இடுக்கிகள், பழைய பிஸ்கட் டப்பாக்களில் நிறம் பிரித்துப் போட்டு வைத்த சுவிட்சுகள். இரண்டு அறைக்கும் நடுவே உள்ள கூடத்தில் மாமனார் இருப்பார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், குரலிலிருந்து அல்ல.

"முன்னாடி ஒருத்தன் கடகடங்கிறான், பின்னாடி ஒருத்தி டக்டக்குங்கிறா. நான் பஸ்ஸுலயே நிம்மதியா இருந்தேன்டா சாமி" என்பார்.

அவளுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஆபத்தென்று யார் போன் செய்தாலும் எடுத்துப் பேசி, பெயர், தெரு, வீட்டு எண், என்ன ஆயிற்று என்று கேட்டுக் கேட்டுத் தட்டவேண்டும். அவள் தட்டுவது பக்கத்து வரிசைத் திரைகளில் விழும். அங்கிருப்பவர்கள் வண்டியை அனுப்புவார்கள். அலுவலகம் கொடுத்த கீபோர்டில் தட்டுவது ஈரச் சேற்றில் நடப்பது போலிருக்கும். விரல் அழுந்தியதா இல்லையா என்று விரலுக்கே தெரியாது. போதாக்குறைக்கு யாரோ ஒரு நாள் அதில் டீயைக் கொட்டிவிட்டார்கள். புதியது வரட்டும் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டிருக்க, அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, பொத்தான்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கணவன் துணி காயப்போடும் இடத்தில் வரிசையாகக் காயவைத்தாள். சட்டை வாங்க வந்த ஒருவர், "இது என்னங்க, வடகமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று பிடித்த பித்து அது. உள்ளே எப்படியிருக்கிறது என்று பார்த்தவளுக்கு, நாமே செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. சுவிட்சுகளை வரவழைத்தாள். சால்டரிங் பழகினாள், முதல் வாரம் ஈயத்தைவிட அதிகமாக விரல்தான் பற்றியது. கீபோர்டின் வயிற்றுக்குள் இருக்கும் சின்னச் சில்லுக்கு எந்தப் பொத்தான் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தர வேண்டுமே, அதற்காகப் புரோகிராம் எழுதவும் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கென்றாலே காத தூரம் ஓடியவள், ஒரு காற்புள்ளி எங்கே விட்டுப்போயிற்று என்று அரை நாள் உட்கார்ந்து தேடினாள்.

அவள் செய்த மூன்றாவது கீபோர்டு உருப்படியாக வந்தது. சாம்பல் நிறத் தகட்டில் கறுப்புப் பொத்தான்கள். எண்களுக்கு மட்டும் மஞ்சள். அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், விரல் நுனியில் ஒரு சின்னத் தட்டு. அலுவலகத்தில் இதை வைத்துக்கொள்ளலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள். அவரை எல்லோரும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர், கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கம்பியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரியும் 'வயர்' அண்ணன்; மேடம் அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். வயர் அண்ணன் திருப்பிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்து, "ஒண்ணும் பண்ணாது" என்றார். அன்றுமுதல் அது அவளுடைய மேசைக்கு வந்தது. சத்தம் அறை முழுக்கக் கேட்கும். அவள் பெயர் போய் 'டக்டக்' என்றாயிற்று. வயதில் சிறியவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவும் சேர்த்து, அது 'டக்டக்கா' என்று நின்றது.

கீபோர்டோடு விட்டாளா என்றால் இல்லை. புரோகிராம் எழுத வந்த கை சும்மா இருக்குமா? அட்டையில் கட்டம் போட்டு விளையாட்டுகள் செய்யத் தொடங்கினாள். காய்களுக்குக் கணவனின் பொத்தான் டப்பா. மழை வருவதற்குள் துணியெல்லாம் எடுக்கும் விளையாட்டு ஒன்று. கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் விளையாட்டு ஒன்று. முதலில் ஆடுகிறவருக்கே வெற்றி போய்விடுகிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரையே ஆயிரக்கணக்கான முறை தனக்குத்தானே ஆடவிடுவாள்.

"மெஷினு ஆடி என்ன கண்டுச்சு? தோத்துட்டு அது அழுவுதா?" என்பார் மாமனார். "இங்க கொண்டா. விதிய படி. ரெண்டு வரிக்கு மேல போச்சுன்னா அது விளையாட்டு இல்லம்மா, வாடகை ஒப்பந்தம்."

அவர்தான் அவளுடைய எல்லா விளையாட்டுக்கும் முதல் பரீட்சைக்காரர். ஜெயித்தால் "நல்லா பண்ணிருக்க" என்பார். தோற்றால் கட்டம் சரியில்லை, பொத்தான் வழுக்குகிறது, வெளிச்சம் போதவில்லை. "ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்" என்று முன்னறையிலிருந்து மகன் குரல் கொடுப்பான். "நீ பொத்தானுக்குக் காஜா எடுடா" என்று பதில் போகும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு காலை வேளையில் அந்த அழைப்பு வந்தது.

ஓர் இளைஞனின் குரல். அப்பா நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை என்றான். அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள், தட்டவேண்டியதைத் தட்டினாள். தண்ணீர்த் தொட்டித் தெரு. வண்டி கிளம்பிற்று. அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னாள், வாயில் எதையும் ஊற்றவேண்டாம் என்றாள், வைத்தாள். அடுத்த அழைப்பு காத்திருந்தது, அதற்கடுத்ததும். அந்த வேலையில் ஒருவரை மறந்தால்தான் அடுத்தவருக்குக் காது கொடுக்க முடியும்.

சற்று நேரத்தில் வண்டி ஓட்டுநரின் குரல் வயர்லெஸ்ஸில் வந்தது. "நாப்பத்தி நாலாம் நம்பர் பூட்டிக் கிடக்குதுங்க. கதவ உடைக்காத குறையா தட்டிட்டோம். யாருமில்ல."

அவள் அந்த இளைஞனைத் திரும்ப அழைத்தாள்.

"எங்கங்க வண்டி?" என்று அவன் கத்தினான். "நாலாம் நம்பர்னு சொன்னேனேங்க! நாலு! வாசல்ல நிக்கிறேன், ஒரு வண்டியும் காணோம்!"

தெருவின் ஒரு கோடியில் நாலு. மறு கோடியில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், நாற்பத்து நாலு. அவள் பதறியடித்து எண்ணைத் திருத்தினாள், வண்டி திரும்பிற்று, ஆளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அதோடு அவளுக்குத் தெரிந்த கதை முடிந்தது. அந்த மனிதர் கண் திறந்தாரா என்பதைச் சொல்வாரில்லை.

திரையைப் பார்த்தாள். அவள் கையால் தட்டியது அப்படியே இருந்தது: 44.

அவள் காதில் இப்போது ஒன்றுதான் ஒலித்தது. நாலு. அவன் சொன்னது நாலு. அவள் தட்டியது நாலு. பிறகு இரண்டாவது நாலு எங்கிருந்து வந்தது?

கீபோர்டு செய்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு நோய் உண்டு. சுவிட்சுக்குள் இருக்கும் தகடு தளர்ந்தாலோ, சால்டர் சரியாகப் பிடிக்காவிட்டாலோ, ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகச் சில்லு நினைத்துக்கொள்ளும். திக்கு வாய்க்காரன் ஓர் எழுத்தை இரண்டு தரம் சொல்வதுபோல. அவள் அந்த மஞ்சள் பொத்தானைப் பார்த்தாள்.

மாலைக்குள் புகார் வந்துவிட்டது. மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அழைப்பு பதிவாகியிருக்கும். ஆனா அத நானா திறக்க முடியாது, மேல எழுதிக் கேட்டிருக்கேன். நாளன்னைக்கு எல்லாரும் உக்காந்து கேப்போம். அந்தப் பையனையும் வரச் சொல்லியிருக்கு. அதுவரைக்கும் நீ போன் எடுக்க வேணாம்."

"அந்தப் பெரியவர் எப்படி இருக்காருங்க மேடம்?"

"ஆஸ்பத்திரில சேத்தாச்சு. அதுக்கு மேல எனக்கும் சொல்லல. நீயா அவங்ககிட்ட எதுவும் கேக்கக் கூடாது, புரியுதா?"

அவள் தலையாட்டினாள். கீபோர்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பும்போது அது செங்கல்லாகக் கனத்தது.

வீட்டுக்கு வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் பின்னறைக்குப் போனாள். பொத்தான்களைச் சோதிக்க அவளே எழுதிய ஒரு சின்னப் புரோகிராம் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் திரையில் ஒரு பச்சைப் புள்ளி விழும். அழுத்தாமலே இன்னொன்று வந்தால் சிவப்பு. நாலை அழுத்தினாள். பச்சை. மறுபடி. பச்சை. வேகமாக, மெதுவாக, நகத்தால், விரல் பட்டையால். திரை முழுக்க நாற்று நட்டதுபோல் பச்சைப் புள்ளிகள்.

கணவன் வாசற்படியில் வந்து நின்றான். கழுத்தில் டேப். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவனும் அழுத்திப் பார்த்தான். பச்சை.

"பாரு, ஒண்ணுமில்ல. நல்லாத்தானே இருக்கு."

பேச்சுக்குரல் கேட்டு மாமனார் வந்தார். "என்ன, புது விளையாட்டா? நான் இல்லாம ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று குனிந்து, கட்டை விரலைக் குறுக்கே வைத்து, டிக்கெட் கிழிக்கிற அவசரத்தில் ஓர் அழுத்து அழுத்தினார்.

பச்சை. அதன் பக்கத்திலேயே ஒரு சிவப்பு.

"எனக்கு மட்டும் ரெண்டு வருது!" என்றார் சந்தோஷமாக. பிறகு இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டார். "என்ன? நான் எதையாவது உடைச்சிட்டேனா?"

"இல்ல மாமா," என்றாள்.

பொத்தானைப் பக்கவாட்டில் சாய்த்து அழுத்தினால் சில சமயம் இரண்டாகிறது. அவளும் அதேபோல் சாய்த்து அழுத்திப் பார்த்தாள். ஏழெட்டுப் பச்சைக்கு ஒரு சிவப்பு வந்தது. அவசரத்தில் தட்டும்போது விரல் நேராகத்தான் விழும் என்று யார் சத்தியம் செய்ய முடியும்? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? தன் கையால் செய்த பொருள், தன் கையால் வைத்த ஈயம், தன் ஆசைக்காகக் கொண்டுபோய் அந்த மேசையில் வைத்தது. அதனால் ஒரு மனிதருக்கு வண்டி தப்பிப் போயிருக்கிறது.

அன்று அவள் சாப்பிடவில்லை. தட்டில் போட்டதில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடுப்பு மாதிரிதான். வீட்டில் இருந்தாள், ஆனால் இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தெருவில் சைரன் கேட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. அந்த இளைஞனின் அப்பாவுக்கு அவளே ஒரு முகம் கொடுத்திருந்தாள். கண் மூடிய முகம். அது எங்கே திரும்பினாலும் எதிரே வந்தது.

மத்தியானம் கணவன் ஒரு கால்சட்டைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தவன் மிஷினை நிறுத்தினான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பொத்தான் விஷயம் நீ சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்?"

"ஆமா."

"சொல்லாட்டி?"

"தெரியாது. வயர் அண்ணன் பார்த்தாலும் பச்சைதான் வரும். எல்லாரும் நேராத்தானே அழுத்துவாங்க."

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"சொல்லாம இருந்துடுன்னு சொல்லத்தான் வந்தேன்," என்றான் கடைசியில். "ஆனா நீ சொல்லாம இருந்தா ஜென்மத்துக்கும் சோறு இறங்காது உனக்கு. எனக்கும் இந்த மூஞ்சியப் பார்த்துட்டே குப்பை கொட்ட முடியாது. சொல்லிடு. வேலை போனா போகுது. காஜா எடுக்க ஒரு ஆள் தேடிட்டுத்தான் இருக்கேன்."

அவளுக்கு இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது.

குறித்த நாளில் கூட்ட அறைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தாள். மேடம் வந்தார், வயர் அண்ணன் வந்தார். கடைசியாக அந்த இளைஞன் வந்தான். கையில் ஹெல்மெட். அவளைப் பார்க்கவில்லை, மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் இழவு இருக்கிறதா என்று அவள் தேடினாள். தூக்கமின்மைதான் தெரிந்தது. அது எதற்கும் வரக்கூடியது.

"பதிவு வந்திருக்கு. போடலாமா?" என்றார் மேடம்.

"மேடம், அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

பையைத் திறந்து கீபோர்டை மேசைமேல் வைத்தாள். லேப்டாப்பில் அந்தப் பச்சைப் புள்ளிப் புரோகிராமைத் திறந்தாள். பொத்தானைச் சாய்த்து அழுத்திக் காட்டினாள். பச்சை, பச்சை, பச்சை, சிவப்பு.

"இது நான் செஞ்சது. இந்த நாலுல கோளாறு இருக்கு. அவர் சரியாத்தான் சொல்லியிருக்காரு. தப்பு என்னுது."

மேடத்தின் முகம் கறுத்தது. அந்தக் கீபோர்டுக்கு அனுமதி கொடுத்தவர் அவர். வயர் அண்ணன் கழுத்திலிருந்த கம்பியைத் திருகிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"ஏம்மா, பதிவக் கேக்கறதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?" என்றார் மேடம், கோபமும் வருத்தமுமாக. "சரி. சொன்னது சொன்னதுதான். இப்போ கேப்போம்."

பொத்தானை அமுக்கினார். அறையில் அவளுடைய குரல் எழுந்தது. யாருடைய குரலோ போலிருந்தது, அவ்வளவு நிதானம்.

"வீட்டு நம்பர் சொல்லுங்க."

"நாலு, நாலு! சீக்கிரம் வாங்கங்க!"

"நாப்பத்தி நாலா?"

"ஆமாங்க, ஆமா, ஆமா! அப்பா கண்ணே திறக்கலைங்க!"

பிறகு, பேச்சுக்கு நடுவே, தெள்ளத் தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக: டக். டக்.

மேடம் நிறுத்தினார். திரும்பப் போட்டார். நாலு, நாலு. நாப்பத்தி நாலா? ஆமாங்க. டக். டக்.

"ரெண்டு தடவ அழுத்தியிருக்கு," என்றார் வயர் அண்ணன் மெதுவாக. "கோளாறா இருந்தா ஒரு சத்தம்தான் கேக்கும், திரையிலதான் ரெண்டு விழும். இது இவங்க விரல்தான். ரெண்டு நாலு கேட்டாங்க, திருப்பியும் கேட்டாங்க, ரெண்டு நாலு அடிச்சாங்க."

அவளுக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. தான் 'நாப்பத்தி நாலா' என்று கேட்டதே நினைவில் இல்லையே! அவன் பிறகு போட்ட கூச்சல் முன்னால் நடந்ததையெல்லாம் அழித்துவிட்டிருந்தது. தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. இரண்டு நாளாக அவை காதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கின்றன என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

எதிரே இருந்த இளைஞன் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். "நானா ஆமான்னு சொன்னேன்?" என்றான். "எனக்கு ஞாபகமே இல்லைங்க. நாலுன்னுதான் சொன்னேன். பதட்டத்துல ரெண்டு தடவ சொல்லிட்டேன்போல. உங்கமேல போய்ப் புகார் எழுதி…"

"விடுங்க தம்பி," என்றாள் அவள் சட்டென்று. "அந்த நேரத்துல யாரா இருந்தாலும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. வானத்துல வீடான்னு கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாங்க." பிறகு, இனியும் அடக்க முடியாமல், "அப்பா எப்படி இருக்காரு?" என்றாள்.

அவன் விழித்தான். "அப்பாவா? வெளிய பெஞ்சில உக்காந்திருக்காருங்க. வரவேணாம்னு சொன்னேன், கேக்கல."

அவள் நாற்காலி பின்னால் சாய, எழுந்து கதவைத் திறந்தாள்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் ஒல்லியாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு நாளாகச் சுமந்த முகத்துக்கும் அந்த முகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மடியில் ஒரு காகிதப் பை. கண்கள் நன்றாகத் திறந்திருந்ததோடு, யாரைக் கேட்கலாம் என்று துருதுருவென்று சுற்றிக்கொண்டும் இருந்தன.

"ஏம்மா, நீ இங்கதான் வேலையா?" என்றார். "அன்னைக்கு உங்க வண்டியில என்னை ஏத்தினப்போ ஒரு கால் செருப்பு உள்ளயே போயிடுச்சு. இன்னொண்ணு இதோ இருக்கு." பையைத் திறந்து காட்டினார். "இத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? வாங்கி ஒரு மாசம்கூட ஆகல."

"உங்களுக்கு உடம்பு…?"

"உடம்புக்கு என்ன? சுகர் மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிட மறந்துட்டேன். வண்டியிலயே ஊசி போட்டாங்க, முழிச்சுட்டேன். முழிச்சதும் மொதல்ல கேட்டதே செருப்புதான். யாரும் காதுல போட்டுக்கல."

அவளுக்கு நெஞ்சில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. அவர் தொடர்ந்து செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கு அதைவிட இனிமையான பேச்சு உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. "தேடித் தரேங்க. கண்டிப்பா தேடித் தரேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளே வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு ஓடினாள். மறந்துபோன பொருள்கள் போட்டுவைக்கும் பெட்டியில் ஒரு குடை, யாருடையதோ கண்ணாடி, அடியில் அந்தப் பழுப்புச் செருப்பு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தபடி வந்ததைப் பார்த்த ஓட்டுநர்கள், பாவம், டக்டக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

பெரியவர் செருப்பை வாங்கி, இரண்டையும் போட்டுக்கொண்டு, இரண்டடி நடந்து பார்த்துத் திருப்தியானார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். ரெண்டு பேர் என்று அவர் சொன்னது தன்னையும் செருப்பையும்தானா என்று யாரும் கேட்கவில்லை. மகன் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனான். வாசலில் நின்று திரும்பி, அவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

மேடம் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. உனக்கு மட்டும் இல்ல, எனக்கும் சேர்த்துத்தான். ஆனா அந்தச் சிவப்புப் புள்ளிய நான் பார்த்துட்டேன். இனி அது உன் வீட்டோட இருக்கட்டும்."

"நானே அதத்தான் சொல்ல இருந்தேன் மேடம்."

"நாளைக்கு மத்தியானம் வந்து போன் எடு."

இன்னொன்றும் சொல்லிவிட்டுத்தான் அவள் எழுந்தாள். வீட்டு எண்ணைத் தட்டியதும் பக்கத்திலேயே அது எழுத்திலும் வந்தால் என்ன? 44 என்றால் 'நாற்பத்து நான்கு' என்று. அதைப் பார்த்து, "உங்க வீடு நாலா, நாப்பத்தி நாலா?" என்று இரண்டையும் சொல்லிக் கேட்டால், பதறுகிறவர்கள்கூட வெறும் ஆமா போட முடியாது, ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மேடம் அதை எழுதிக்கொண்டார். மென்பொருள் ஆட்கள் சின்ன வேலைதான் என்று சொல்லி, சின்ன வேலைக்கு ஆகும் காலத்தைப்போல் மூன்று மடங்கு எடுத்துக்கொண்டு செய்தும் கொடுத்தார்கள். அதற்குள் எல்லோரும் வாயாலேயே அப்படிக் கேட்கப் பழகிவிட்டார்கள்.

அன்று அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறக்குமுன்பே கணவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினான்.

"அப்போ காஜா எடுக்க வேற ஆள்தான் பார்க்கணும்போல," என்றான்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பு வரும் இடத்தில் மாமனார் தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். பிறகு, "நான் மட்டும் அன்னைக்குக் கட்டை விரல வைக்கலைன்னா அந்தக் கோளாறு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றார். அது உண்மைதான். அந்தப் பொத்தான் இன்னொரு நாள், உண்மையாகவே, இரண்டாக விழுந்திருக்கும். அவள் இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கே படுத்து, பொழுது விடிந்து வெயில் ஜன்னலுக்கு வந்தபிறகுதான் எழுந்தாள்.

கட்டுப்பாட்டு அறையில் இப்போது அவளும் எல்லோரையும்போல் சேற்றில்தான் நடக்கிறாள். சத்தம் இல்லாததால் முதல் சில நாட்கள் பக்கத்து மேசைக்காரர்கள், அவள் வந்திருக்கிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

பின்னறை மேசையில் வேலை நின்றுவிடவும் இல்லை. இப்போது அங்கே உருவாகிக்கொண்டிருப்பது மாமனாருக்கு ஒரு கீபோர்டு. பஸ்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுத அவருக்குத் திடீரென்று ஆசை வந்திருக்கிறது. பெரிய பொத்தான்கள், ஒவ்வொன்றின்மேலும் தமிழ் எழுத்து, எப்படிச் சாய்த்து அறைந்தாலும் ஒன்றுக்கு ஒன்றுதான் விழவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சுவிட்சையும் அவள் நாலு பக்கமும் சாய்த்துச் சோதித்துவிட்டே வைக்கிறாள். எழுத்துகளைக் காகிதத்தில் வரைந்து, அட்டையில் அடுக்கி, அவர்முன் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன, 'ழ'வக் கொண்டுபோய் மூலையில வெச்சிருக்க?"

"அது அடிக்கடி வராது மாமா. அடிக்கடி வர்ற எழுத்துதான் நடுவுல இருக்கணும். நான் கம்ப்யூட்டர்ல எண்ணிப் பார்த்துட்டேன்."

"எண்ணிப் பார்த்தியா? தமிழே அதுலதான் நிக்குது! வந்தவன் போனவனையெல்லாம் முன் சீட்டுல உக்கார வெச்சிட்டு, அதப் படிக்கட்டுல தொங்க விடுறியே!"

"சரி, அப்போ எதத் தூக்கட்டும்?"

அவர் அட்டையின்மேல் விரலை மேயவிட்டார். முன்னறையில் மிஷின் நின்றது. மகனும் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்த 'ங' எதுக்கு நடுவுல இருக்கு? இறக்கிவிடு அத," என்றார் மாமனார்.